வெறும் தட்டும் தகவல்தான்

“சார், மரநாய் மேடம் பூட்டாங்க சார்.”

அடையாற்றில் எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில் காவலுக்கு இருக்கும் ஏழுமலை, போன மாதம் ஒரு காலையில் தொலைபேசியில் முதலில் சொன்னது இவ்வளவுதான். நான் அப்போது சாந்தோம் கடற்கரையில் மீன்காரம்மாவிடம் வஞ்சிரம் புதுசா பழசா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஏழுமலை, “எனக்கு இன்னா பண்றதுன்னே தெரில சார், ஆபீஸ்ல ஒர்த்தரும் வர்ல, நீ வா சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மீனை வாங்கினேனா, அங்கேயே விட்டுவிட்டு வந்தேனா என்பது இப்போதுகூட எனக்கு நினைவில்லை.

வெளியாள் யாராவது இதைக் கேட்டிருந்தால் ஒரு பெண்மணியை இப்படியா சொல்வது என்று கோபப்பட்டிருப்பார்கள். முனைவர் முத்துக்கனியை அறிந்த உங்களுக்குத் தெரியும், அது பட்டப்பெயர். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் எத்தனையோ வீடுகளில் அவருடைய எண் ‘மரநாய் மேடம்’ என்ற பெயரில்தான் இருக்கிறது. பூனையைவிடக் கொஞ்சம் நீளமாக, கண்ணைச் சுற்றிக் கறுப்படித்து, உடம்பளவு வாலோடு நம் வீட்டுப் பரண்களில் யாருக்கும் தெரியாமல் குடித்தனம் நடத்தும் அந்த மிருகத்துக்கு இந்த ஊரில் ஒரு வக்கீல் இருந்தார் என்றால் அது கனிதான். இந்த ஊர் தன்னை அறியாமலே அவரால் கொஞ்சம் நாகரிகமாகியிருக்கிறது. அவரோடு பல வருஷம் ஒரே மாடியில், பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. அழுவதற்காக இந்த அஞ்சலியை எழுதவில்லை, அந்தப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். காட்டு மிருகங்களுக்கு ஊசி போட்டே உத்தியோகத்தை முடித்தவன். எங்கள் நிறுவனத்தில் ‘காட்டுப் பாலூட்டிகளின் நடத்தை மற்றும் நலன்’ என்று ஓர் ஆய்வுப் பதவியை உண்டாக்கியபோது, அந்தப் பெயர் கதவுப் பலகையில் அடங்காது என்பதுதான் எங்கள் முதல் கவலை. யானைக்கு ஒருவர், புலிக்கு ஒருவர் என்று இருந்த இடத்தில் இது என்ன புதுசாக என்று எல்லாரும் முணுமுணுத்தோம். நேர்முகத் தேர்வில் ஒரு மூலையில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதுமலை, வால்பாறை என்று பேசினார்கள். கனி மட்டும் சென்னையிலேயே வேலை செய்யப்போவதாகச் சொன்னார். அப்போதைய இயக்குநர் சிரித்துவிட்டார். சென்னையில் ஏதம்மா காட்டு மிருகம், கிண்டியில் நாலு மான் இருக்கிறது, அவ்வளவுதானே என்று கேட்டார்.

கனி மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். சளி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“சார், இந்த ரூம்ல பாசுமதி அரிசி வேகுற வாசனை வருதே, உங்க கேன்டீன் எங்க இருக்கு?”

கேன்டீன் பின்கட்டில் இருக்கிறது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை என்று இயக்குநர் அலுத்துக்கொண்டார். கனி, அது கேன்டீன் வாசனை இல்லை, உங்கள் தலைக்கு மேலே ஒரு மரநாய் குடியிருக்கிறது என்றார். வாசனையால் எல்லை போட்டுவைக்கும் மிருகம் அது, அந்த வாசனை வெந்த அரிசி மாதிரி இருக்கும். ஏணி கொண்டுவரச் சொல்லி, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தள்ளிப் பார்த்தோம். பழக்கொட்டையாக எச்சம் குவிந்து கிடந்தது. கேன்டீன்காரர் வருஷக்கணக்காக அனாவசியமாகத் திட்டு வாங்கியிருக்கிறார். வேலை யாருக்குக் கிடைத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வீட்டில் அந்த வேலையை யாரும் கொண்டாடவில்லை. அப்பாவுக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்து, ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியேற வேண்டிய அகலத்தில் கடை போட்டு, அதை மூன்று மாடி ஆக்கியவர். ஒருநாள் மகளின் ஆபீசைப் பார்க்க வந்தார். மேஜையில் வரிசையாக எவர்சில்வர் டப்பாக்கள், எல்லாம் அவர் கடைச் சரக்கு. ஏதோ பலகாரம் என்று நினைத்து ஒன்றைத் திறந்தார். உள்ளே காய்ந்த எச்சம், திறந்த வேகத்தில் மூடினார். “ஏட்டி, இதப் பெறக்கதுக்கா உனக்கு இம்புட்டுப் படிப்பு?” என்று கேட்டார். கனி சிரித்துக்கொண்டே, “அதுல என்ன பழம் தின்னிருக்குன்னு இருக்கு அப்பா, அதுதான் எனக்குப் பாடம்” என்றார். மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டே போனார். ஆனால் அடுத்த வாரம் கடைப்பையன் ஒருவன் ஒரு கட்டுத் தாம்பாளம் கொண்டுவந்து இறக்கினான். மகள் கேட்டிருந்தது, விளிம்பு உயராத தட்டையான பெரிய தாம்பாளம். பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது கடை வழக்கமாயிற்றே, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவரே உட்கார்ந்து வெட்டியிருந்தார்: ‘கனி, மரநாய் ஆபீஸ்’. அதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கனியும் சிரித்தார், சிரித்துவிட்டு முகம் கழுவப் போனவர் திரும்பி வர நேரமாயிற்று.

அந்தத் தாம்பாளங்கள்தான் அவருடைய கருவி. மாடவீதியில் விற்கும் சாதாரணக் கோலப்பொடியைச் சலித்து, தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, சுவர் மேலோ மொட்டை மாடியிலோ மிருகம் நடக்கும் வழியில் வைத்துவிடுவார். காலையில் போய்ப் பார்த்தால் யார் வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள், நிதானமாகவா பயந்துகொண்டா என்று அந்தப் பொடியில் இருக்கும். கேமரா வாங்கித் தருகிறோம் என்று நிறுவனம் சொன்னது. வாங்கியும் கொடுத்தது. அதையும் வைத்தார், ஆனால் தாம்பாளத்தை விடவில்லை. கேமரா பாதி நாள் இலையையும் காக்காயையும் படம் பிடிக்கும், பொடி பொய் சொல்லாது என்பார்.

எங்கள் இருவருக்கும் தீராத தகராறு ஒன்று உண்டு. நான் மிருகத்தை ‘அது’ என்பேன். அவர் ‘அவ’, ‘அவன்’ என்பார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர் இப்படிப் பேசலாமா என்று சீண்டுவேன். “நீங்க படுத்த மிருகத்தைத்தான் பாக்கறீங்க டாக்டர் சார், நான் நிக்கற மிருகத்தைப் பாக்கறேன்” என்று ஒருநாள் சொன்னார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் உண்மை. என் கைக்கு வரும்போது எல்லா மிருகமும் மயக்கத்தில்தான் இருக்கும்.

இன்னொரு தகராறு கூண்டு பற்றியது. வீட்டில் மரநாய் என்று யாராவது கூப்பிட்டால், வனத்துறையிடம் அனுமதி வாங்கி, கூண்டு வைத்துப் பிடித்து, ஊருக்கு வெளியே மரங்கள் அடர்ந்த இடமாகப் பார்த்து விட்டுவிடுவது எங்கள் வழக்கம். வீட்டுக்காரருக்கு நிம்மதி, மிருகத்துக்கு விடுதலை, எங்களுக்குப் புண்ணியம். கனி அப்படி விடப்பட்ட சிலவற்றின் கழுத்தில் சிக்னல் அனுப்பும் பட்டை கட்டி, அவை என்ன ஆகின்றன என்று பின்னாலேயே அலைந்து பார்த்தார். பெரும்பாலானவை பிழைக்கவில்லை. சில, வந்த வழியே திரும்ப முயன்று சாலையில் அடிபட்டன. “நாம விடுறது காட்டுல இல்ல சார், இன்னொருத்தர் வீட்டுல. அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு” என்றார். குட்டி போட்ட தாயைப் பிடித்துக்கொண்டு போனால் மேலே பரணில் என்ன நடக்கும் என்று அவர் சொன்னபோது எங்கள் கூட்ட அறையில் யாரும் தேநீரைத் தொடவில்லை.

இனி, மயிலாப்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் சிலர் இதைக் காது மூக்கு வைத்துக் கேட்டிருப்பீர்கள். நான் கூடவே இருந்தவன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். குளத்துக்கு அருகே ஒரு பழைய தனி வீடு. ருக்மிணி மாமி, அவர் கணவர், பிரசவத்துக்கு வந்து குழந்தை பெற்று ஒரு மாதமே ஆகியிருந்த மகள் வித்யா. மேலே பரணில் தடதடவென்று ஓட்டம், கீழே தூளியில் பச்சைக் குழந்தை. மாமா பதறிப்போய் எங்களைக் கூப்பிட்டார். பம்பாயிலிருந்து மாப்பிள்ளை தினமும் போன் போட்டு, பிடித்தாயிற்றா பிடித்தாயிற்றா என்று அரித்துக்கொண்டிருந்தார். நான் கூண்டோடு தயார். கனிதான் கெஞ்சி நாலைந்து நாள் அவகாசம் வாங்கினார். அவருக்குச் சந்தேகம், வந்திருப்பது தாய், மேலே குட்டிகள் இருக்கின்றன. நிச்சயப்படுத்திக்கொள்ள, கொல்லைப்புறச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே சுவர் விளிம்பில் ஒரு தாம்பாளத்தைப் பொடியோடு வைத்துவிட்டு வந்தார். என்னமோ தட்டு வைத்துவிட்டுப் போகிறாள் என்று வீட்டில் யாரும் அதைச் சட்டை பண்ணவில்லை.

இடையில் கோகுலாஷ்டமி வந்தது. வாசற்படியிலிருந்து பூஜை அறை வரை மாமி மாக்கோலத்தில் குட்டிக் குட்டியாகக் கிருஷ்ணர் பாதம் போட்டிருந்தார். சீடை பொரித்த எண்ணெய்ப் புகைக்காகத் திறந்த ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் மாமா எனக்குப் போன் செய்தார். “டாக்டர், கூண்டு கீண்டு ஒண்ணும் வேண்டாம். எங்காத்துக்குக் கிருஷ்ணன் வந்துட்டுப் போயிருக்கான்.”

போய்ப் பார்த்தால் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தெருவே உள்ளே இருந்தது. கற்பூரம், மல்லிகைப்பூ, நாலைந்து பேர் கையில் செல்போன். சிவப்புத் தரையில் மாமி போட்ட பாதங்கள் வாசலிலிருந்து வந்தன என்றால், வேறு ஒரு வரிசைச் சின்னப் பாதங்கள் சமையலறையிலிருந்து வந்தன. வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல், குதிகால். பூஜை அறையில் வைத்திருந்த வாழைப்பழமும் நாவல்பழமும் காலி. மாமி கண்ணில் நீர் நிற்கவில்லை. பெற்றவளுக்கும் குழந்தைக்கும் துணையாக அவனே வந்திருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். இருந்தாலும் அந்தப் பாதங்களைப் பார்த்ததும் எனக்கே கை கூப்பத் தோன்றியது. அடுத்த நொடியே புரிந்துவிட்டது. கனிக்கும் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஜன்னலடியில் வைத்த தாம்பாளத்தின் கோலப்பொடி, ஐந்து விரல், மரநாய்க்குப் பின்னங்கால் சின்னக் குழந்தைக் கால் மாதிரியே இருக்கும். நான் கனியின் காதருகே போய், வாயைத் திறக்காதீர்கள், கடவுள் நடந்த வீட்டில் இனி எவனும் கூண்டு வைக்க மாட்டான், குட்டிகள் பிழைத்தன என்று கிசுகிசுத்தேன். இதைவிட வசதியாக ஒரு வழி நாங்களே தேடினாலும் கிடைக்காது.

கனி மண்டியிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் பாதங்களின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். மாமி அருகில் வந்து, “நீ படிச்சவ, நீ சொல்லு கனி. இது குழந்தை கால்தானே?” என்று கேட்டார்.

நான் இருமினேன். நன்றாகவே இருமினேன்.

“இல்ல மாமி. இது மேல பரண்ல இருக்காளே, அவ கால். பாருங்க, முன்னங்கால் இங்க, பின்னங்கால் இங்க. நாலு கால் மாமி.”

பூ வைக்க வந்த ஒரு பெண் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. யாரும் உங்களைக் கேட்கவில்லை என்றார், பிறகு சட்டென்று உறைத்தது போல, அப்படியென்றால் அந்தப் பிராணி தூளிக்குப் பக்கத்திலா வந்தது என்று கத்தினார். உடனே கூண்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி என் பக்கம் திரும்பினார். காலையில் கடவுளாக இருந்தது அரை மணியில் குழந்தையைக் கடிக்க வந்த மிருகமாகிவிட்டது. எனக்குக் கனி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு குட்டிகளோ மூன்று குட்டிகளோ, உங்கள் நேர்மைக்கு அவை பலியா என்று அவரைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போகாத குறையாகக் கேட்டேன்.

“பொய்யால காப்பாத்தினா, பொய் வெளுக்கற அன்னிக்கு அவளுக்கு யாரு சார் இருக்கா?” என்றார். அளவுகோலைப் பைக்குள் போடப் பார்த்து இரண்டு முறை கீழே தவறவிட்டார். பயப்படவே தெரியாத பெண் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். தவறு. நன்றாகப் பயந்தார், பயந்துகொண்டே சொன்னார்.

திரும்ப உள்ளே வந்து, மாமாவை ஒரு நிமிஷம் கூட வரும்படி கேட்டுக்கொண்டார். சமையலறை வாசலிலிருந்து அந்தக் காலடிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார். இங்கே நேராக வந்திருக்கிறாள். பழ வாசனை இழுத்திருக்கிறது. இங்கே, கூடத்து வாசலில், நின்றிருக்கிறாள், நான்கு காலும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கின்றன பாருங்கள். தூளி உள்ளே இருக்கிறது, குழந்தை முனகியிருக்கலாம். அதற்கப்புறம் அடிகள் எங்கே போகின்றன? எதிர்ச் சுவரை ஒட்டி, எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, சுற்றிக்கொண்டு பூஜை அறைக்கு. தூளிப் பக்கம் ஒரு சுவடு கிடையாது. கூட்டத்தில் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மாமாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தரை எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது, யாரும் யாரையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் மேலே பரணிலிருந்து கீச்கீச்சென்று சன்னமான சத்தம் வந்தது. இத்தனை கூட்டத்தில் தாய் அசையாமல் இருந்தாலும் குட்டிகளுக்குத் தெரியுமா? வித்யா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக் கதவோரம் நின்றிருந்தார். அதுவரை வாயே திறக்காதவர் அண்ணாந்து பார்த்தார்.

“பசிச்சிருக்குப்பா அதுக்கு. பால் குடுத்துண்டு இருக்கறவளுக்கு எவ்வளவு பசிக்கும்னு எனக்குத் தெரியும். கூண்டு வேண்டாம்.”

மாமா மகளைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குட்டிகள் தானாக நடந்து போகிற வரைக்கும் இருக்கட்டும், நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன் என்று தீர்ப்புச் சொன்னார். பம்பாய் மாப்பிள்ளைக்கு வித்யாவே போன் போட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது, அதன் பிறகு அங்கிருந்து அரிப்பு நின்றது. அன்று காலை சீடைப் பொட்டலத்தோடு எங்களை அனுப்பிவைத்தார்கள். கூண்டு ஜீப்பிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு கனி செய்த வேலையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பரணின் வாயில் தாம்பாளத்தை வைத்து விடியும்போதெல்லாம் போய்ப் பார்த்தார். முதலில் தாயின் கால் மட்டும். பிறகு ஒருநாள் அதன் பக்கத்தில் பொட்டுப் பொட்டாகச் சின்னக் கால்கள். மாமா அன்று எனக்குப் போன் போட்டுச் சொன்ன விதத்தைக் கேட்டால் அவருக்குப் பேரன் நடந்துவிட்டான் என்று நினைப்பீர்கள். பிறகு ஒரு காலை, தாம்பாளத்தில் ஒன்றும் இல்லை. போய்விட்டன, ஓட்டையை அடைத்துவிடலாம் என்றேன். கனி மாட்டேன் என்றார். மறுநாளும் வைத்தார், வெறும் தட்டு. அதற்கு மறுநாளும். நான் பொறுமையிழந்து, ஒன்றுமில்லாத தட்டைப் பார்க்கவா தி.நகரிலிருந்து தினமும் வருகிறீர்கள் என்று கேட்டபோதுதான் சொன்னார்.

“வெறும் தட்டும் தகவல்தான் டாக்டர் சார். ஒரு குட்டி உள்ள மாட்டிக்கிட்டா, அப்புறம் நாம அடைச்ச ஓட்டைக்கு நாமதான் பதில் சொல்லணும்.”

கடைசியில் தட்டு வெறுமையாகவே இருக்கிறது என்று மனது நிச்சயப்பட்டதும், அப்பா கடை ஆளை வைத்துக் கம்பி வலை அடித்து அந்த ஓட்டையை மூடினார். எங்கள் நிறுவனத்தின் வழக்கமும் அதோடு மாறியது. குட்டி இருக்கிறதா என்று தெரியாமல் கூண்டு போகக்கூடாது, குட்டி இருந்தால் போகவே கூடாது. என் கூண்டு துருப்பிடித்து, மாடிப்படிக்கு அடியில் ஏழுமலை துடைப்பம் வைக்கும் இடமாயிற்று. அந்தத் துருவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மாமாவோ, தெருவில் யார் வீட்டுப் பரணில் சத்தம் கேட்டாலும் போய் உட்கார்ந்து, மரநாயைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் போய்ச் சேரும் வரை அந்தத் தெருவிலிருந்து எங்களுக்குக் கூண்டு கேட்டு அழைப்பே வரவில்லை.

போன வருஷம் கனிக்கு உடம்புக்கு வந்தது. வியாதியின் பெயரை அவர் எல்லாரிடமும் தெளிவாகச் சொன்னார், மூடி மறைக்கவில்லை. வைத்தியம் கைவிட்ட பிறகு, நங்கநல்லூரில் இருக்கும் தம்பி, எங்கள் வீட்டில் காற்றோட்டம் அதிகம், அங்கே வந்துவிடு என்று மன்றாடினார். என்னையும் சிபாரிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தி.நகர் வீட்டின் மாடியில், கடைச் சத்தம் கேட்கும் அறையில் கனி படுத்திருந்தார். நான் ஆரம்பிப்பதற்கு முன்பே, “இடம் மாத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா சார்? என்னை இங்கயே விடுங்க” என்று சொல்லிச் சிரித்தார். நானும் தம்பியும் காபி குடித்துவிட்டுக் கீழே இறங்கினோம். கடைசி வரை அங்கேயேதான் இருந்தார்.

அவரை வழியனுப்பிய நாளில் அந்தக் குறுகலான தெருவில் யார் யார் வந்திருந்தார்கள் என்று நீங்களே பார்த்தீர்கள். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பக்கம், எவர்சில்வர் மொத்த வியாபாரிகள் ஒரு பக்கம், நடுவில் பரண்கள் உள்ள வீட்டுக்காரர்கள். பெரியவர், கனியின் அப்பா, நாற்காலியில் உட்கார்ந்து, மக டாக்டராமே என்று கேட்டவர்கள் ஒவ்வொருவரிடமும், “ஊசி போடுத டாக்டரு இல்ல. ஆராய்ச்சி. மரநாய்க்கு இந்த மெட்ராஸ்லயே எம் மவதான்” என்று திருத்திக்கொண்டிருந்தார். அந்த வயதில், அந்தத் துக்கத்தில், அவர் தலை நிமிர்ந்தே இருந்தது.

ருக்மிணி மாமியை வித்யா கைத்தாங்கலாக அழைத்துவந்தார். அன்று தோளில் கிடந்த குழந்தை இப்போது மாமியைவிட உயரம். மாமி கனியின் கால்மாட்டில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“அன்னிக்கு அவ பேசாம இருந்திருந்தா, எங்காத்துக்குக் கிருஷ்ணர் வந்தார்னு நாங்க சந்தோஷமா இருந்திருப்போம். அவ சொன்னதனாலதான் யார் வந்தான்னு எங்களுக்குத் தெரிஞ்சுது.”

கிளம்பும்போது பெரியவர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாம்பாளத்தைக் கையில் கொடுத்தார். அது எங்கள் ஆபீஸ் சாமான் என்று மகள் சொல்லிவைத்திருந்தாளாம். ஓரத்தில் ‘கனி, மரநாய் ஆபீஸ்’. எழுத்து கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

அதை நான் ஆபீசில் கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை. யாராவது கேட்டால் சண்டைக்கு வருவேன். சாந்தோமில் என் வீட்டு மொட்டை மாடியில், பக்கத்து வீட்டுப் பாதாம் மரக்கிளை வந்து தொடும் இடத்தில், பொடி பரப்பி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் காபிக்கு முன்னால் மேலே போய்ப் பார்க்கிறேன். கனியைப் பற்றி எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதிலிருந்து இன்னும் ஆசையோடு பார்க்கிறேன். ஒரு காலடி, ஒரே ஒரு ஐந்து விரல் காலடி விழுந்திருந்தால் இந்த அஞ்சலியை எவ்வளவு அழகாக முடித்திருக்கலாம். படிக்கிற உங்களுக்கும் கண் கலங்கியிருக்கும். விழுந்தது என்று எழுதிவிட்டால்தான் என்ன, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றுகூட நேற்று தோன்றியது.

இன்று காலையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் தட்டு.